மேக்கப் நாற்காலியில் உட்காரும் முன்

2013இலிருந்து 2019வரை பதினோரு படங்களில் பேயாக நடித்திருக்கிறேன். கிணற்றிலிருந்து ஏறி வந்திருக்கிறேன். உத்தரத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். கதாநாயகன் கண்ணாடி பார்க்கும்போது அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பதினொன்றில் நான்கு படங்களில்தான் என் பெயர் திரையில் வந்தது. சாலிகிராமத்தில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரருக்கு நான் நடிகை என்பதே தெரியாது. அவருடைய மகள் ஒரு படம் பார்த்துவிட்டு இரண்டு நாள் விளக்கை அணைக்கவிடவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்தப் பேய் நான்தான்.

மாதத்துக்கு இரண்டு மூன்று பெண்களாவது யாரிடமாவது என் நம்பரை வாங்கிப் பேசுகிறார்கள். "அக்கா, பேய் கேரக்டர் ஒண்ணு வந்திருக்கு, பண்ணலாமா?" பண்ணலாம்மா, நல்ல வேலை அது என்றுதான் சொல்வேன். கூடவே ஒரு விஷயத்தையும் சொல்வேன்: பேச வேண்டியதையெல்லாம் மேக்கப் நாற்காலியில் உட்காரும் முன்பே பேசி முடித்துவிடு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று போனில் விளக்கி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் செய்யாறு பக்கம். 2008இல் சென்னைக்கு வந்து ஐந்து வருடம் ஜூனியர் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். கல்யாண மண்டபத்தில் மூன்றாவது வரிசை, பேருந்து நிலையத்தில் கூடை தூக்கிப் போகிறவள், கோர்ட் சீனில் பின்பெஞ்சு. மாலையில் ஒரு நாடகக் குழுவில் பயிற்சி. அந்தச் சமயத்தில்தான் தமிழில் பேய்ப் படங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. 2007இல் 'முனி', 2009இல் 'யாவரும் நலம்', 2011இல் 'காஞ்சனா', 2012இல் 'பீட்சா' என்று ஒவ்வொன்றாக ஓட, ஒரு பங்களாவும் பத்து நடிகர்களும் இருந்தால் படம் எடுத்துவிடலாம் என்று நிறையப் பேர் இறங்கினார்கள். 2014 செப்டம்பருக்கும் 2015 செப்டம்பருக்கும் இடையில் மட்டும் 'அரண்மனை', 'பிசாசு', 'டார்லிங்', 'டிமான்ட்டி காலனி', 'மாயா' எல்லாம் வந்தன. இவை பெயர் எடுத்தவை. தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்காமல் போனவையும் உண்டு. என் பிழைப்பு நடந்தது அவற்றில்தான்.

முதல் பேய் வேஷம், படங்களுக்குத் துணை நடிகர்களைப் பிடித்துத் தரும் ஒரு கோஆர்டினேட்டர் மூலமாக வந்தது. "ஒல்லியா, உயரமா, முடி நீளமா ஒரு பொண்ணு வேணும். டயலாக் கிடையாது. ரெண்டு நைட்." கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களா. மாலை நான்கு மணிக்கு உட்காரவைத்து நெற்றி, கன்னம், தாடை என்று லேடெக்ஸ் என்ற ரப்பரை ஒட்டினார்கள். வாயைச் சுற்றி ஒட்டியதும் பேச்சு குழறியது. ஏழரைக்கு முகம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அசோசியேட் டைரக்டர் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். உள்ளே முழு வெள்ளை லென்ஸ். லென்ஸ் போட வேண்டியிருக்கும் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. மையைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இதை முன்னால் வேறு யாராவது போட்டார்களா என்று கேட்க நினைத்தேன். வெளியே லைட் ரெடி, ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள், மூன்றரை மணி நேர வேலை என் முகத்தில் இருக்கிறது. கேட்கவில்லை.

ஏழு மணி நேரம் அந்த லென்ஸோடு இருந்தேன். எதிரே நிற்கிற ஆள் நிழலாகத்தான் தெரிந்தார். புகை மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. விடியற்காலை கழற்றியபோது வலது கண் எரிந்த எரிச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கருவிழியில் கீறல் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் இரவுக்கு நான் போக முடியவில்லை. வேறொரு பெண் போனாள். அதே டப்பாவிலிருந்துதான் அவளுக்கும் எடுத்துப் போட்டிருப்பார்கள். அவளுடைய நம்பரைக் கேட்டு வாங்கி எச்சரித்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

அதனால் லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருவிழியை மட்டும் மூடுவது ஒரு வகை. வெள்ளைவிழியையும் சேர்த்து மூடும் பெரிய லென்ஸ் இன்னொரு வகை, ஸ்கிலீரல் என்பார்கள். எதுவானாலும் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதனை நிபுணர், உங்கள் கண்ணைப் பரிசோதித்துப் பொருத்த வேண்டும். பெரிய லென்ஸுக்குக் கண்ணின் வளைவை அளவெடுப்பது கட்டாயம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. அந்தத் தண்ணீரில் இருக்கும் ஒருவகை அமீபா லென்ஸ் வழியாகக் கருவிழிக்குப் போனால் பார்வையே போய்விடலாம். எத்தனை மணி நேரம் போடலாம் என்று பொருத்துகிறவரிடமே கேட்டு அசோசியேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். க்ளோசப்புகளை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைட் ஷாட்டில் லென்ஸ் இருக்கிறதா இல்லையா என்று கேமராவுக்கே தெரியாது. கண்ணைக் கிராபிக்ஸில் வெள்ளையாக்கவும் முடியும். "சிஜியில பண்ணிக்கலாமா சார்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளைக் கேளுங்கள்.

பசையும் அப்படித்தான். முந்தின நாளே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிவைத்துப் பாருங்கள். எனக்கு லேடெக்ஸ் ஒத்துக்கொண்டது. என்னோடு நடித்த ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. கழற்றும்போது யாரையும் பிய்க்க விடாதீர்கள். ரிமூவர் தொட்டு ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். பேக்-அப் சொன்னதும் எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும். அதனால் உட்காரும்போதே மேக்கப் அண்ணனிடம், "கழட்டும்போதும் நீங்கதான் இருக்கணும்ண்ணே" என்று சொல்லிவைப்பேன்.

கயிற்றில் தொங்கவிட்டு எடுக்கும் ரோப் ஷாட் என்றால் பலர் பயப்படுகிறார்கள். செட்டில் நான் பார்த்தவர்களில் மிகப் பொறுப்பானவர்கள் ரோப் பிடிக்கும் ஸ்டன்ட் அண்ணன்கள்தான். ஒரு படத்தில் என்னைக் குப்புறத் தொங்கவிட்டுவிட்டு லைட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் போயிருக்கும். தொடையில் பட்டை இறுகிக் கால் மரத்தது, பிறகு தலை கிறுகிறுத்தது. வாயில் பேய்ப் பல்செட். கத்திப் பார்த்தேன், ஒத்திகை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கீழே ரோப் பிடித்திருந்த ஓர் அண்ணன் என் கைவிரல்கள் விரிந்து விரிந்து மடங்குவதைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் இறக்கினார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "இனிமே ஏறும் முன்னாடி எங்ககிட்ட ஒரு சைகை சொல்லிட்டு ஏறும்மா" என்றார். முஷ்டியை இரண்டு முறை மூடித் திறந்தால் உடனே இறக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். இன்றுவரை எனக்கு அதுதான் சைகை.

ஹார்னஸில், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் அந்தப் பட்டையில், அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். லைட் மாற்றும்போது கீழே இறக்கிவிட வேண்டும் என்று முன்பே ஸ்டன்ட் மாஸ்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். உள்ளே சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுங்கள், தொடையில் பட்டை உரசாது. சாப்பாடு அரை வயிறு போதும். ஏறும் முன் பாத்ரூம் போய்வந்துவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நான் பட்ட அவதி போதும். மாதவிடாய் நாளென்றால் தேதியை மாற்ற முடியுமா என்று பெண் உதவி இயக்குநரிடமோ காஸ்ட்யூம் அக்காவிடமோ சொல்லுங்கள். சொன்னபோதெல்லாம் எனக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நடிப்புக்கு வருகிறேன். என்னோடு போனில் பேசுகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்கு இதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

மூன்று படம் வரை எல்லோரும் செய்வதையே செய்தேன். விரலை விரிப்பேன், தலையைச் சாய்ப்பேன், கண்ணை உருட்டுவேன். நான்காவது படத்தின் இயக்குநர் ஒத்திகையை நிறுத்திவிட்டு, "நீங்க பேய் புடிச்சவங்களை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு அம்மாவோடு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே போயிருக்கிறேன். பம்பையும் உடுக்கையும் சேர்ந்து அடிக்கும்போது பெண்களுக்கு அருள் வருவதையும், பேய் பிடித்ததென்று கூட்டிவந்தவர்கள் ஆடுவதையும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். கத்தலும் ஓட்டமும் பிறகுதான் வரும். முதலில் வருவது கொட்டாவி. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து கொட்டாவி. பிறகு கால்விரல்கள் மட்டும் மடங்கும். கழுத்தில் ஒரு சிலிர்ப்பு ஏறும். அனுபவப்பட்ட கிழவிகள் கொட்டாவியைப் பார்த்ததுமே பக்கத்திலிருக்கும் குழந்தைகளை இழுத்து ஒதுக்கிவிடுவார்கள்.

அதைத்தான் செய்து காட்டினேன். அடுப்பு முன்னால் நிற்கிறேன். பால் பொங்குகிறது. கொட்டாவி விடுகிறேன். மூன்றாவது கொட்டாவியில் வலது காலின் விரல்கள் மடங்கித் தரையைப் பற்றுகின்றன. அவ்வளவுதான் ஷாட். கட் சொல்ல இயக்குநருக்கு நேரம் பிடித்தது. படம் ஐந்தே நாளில் தூக்கப்பட்டது. ஆனால் அந்த ஷாட்டைப் பார்த்துத்தான் அடுத்த மூன்று இயக்குநர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

புரிசை கிராமத்துத் தெருக்கூத்து எங்கள் பக்கத்து மண்ணின் கலை. கூத்தில் வேஷக்காரர் நேராக மேடைக்கு வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து பாட்டும் சலங்கையும் வரும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே கால் தெரியும். ஆள் வெளியே வருவதற்குள் பார்க்கிறவர்கள் மனத்தில் அவர் வந்துவிட்டிருப்பார். பேய்க்கும் அதே வித்தைதான். எனவே கேமராவுக்கு எது தெரிகிறது, கதவுக்கு அந்தப் பக்கம் விரல் மட்டுமா, முடி மட்டுமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஒன்றை மட்டும் அசைப்பேன்.

1998இல் வந்த ஜப்பானிய 'ரிங்கு' படத்தில் கிணற்றிலிருந்து வரும் பெண்ணாக நடித்தவர் ரியே இனோ. அவரைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். அதனால்தான் அந்த நடை மனித நடையாகவே தெரியாது. நான் வாடகை வீட்டு மொட்டை மாடியில் இதை ஒரு மாதம் பயிற்சி செய்தேன். பின்னோக்கி நடந்து, செல்போனில் எடுத்து, திருப்பி ஓட்டிப் பார்ப்பேன். புடவைத் தலைப்பும் முடியும் காற்றுக்கு எதிராக விழும். கேமராமேனிடம் விநாடிக்கு எத்தனை பிரேம் எடுக்கிறார் என்றும் கேளுங்கள். வழக்கமான 24க்குப் பதில் 12இல் எடுத்தால் உங்கள் அசைவு திரையில் இரண்டு மடங்கு வேகமாகிவிடும். அப்போது தண்ணீருக்குள் இருப்பதுபோல நிதானமாக நடித்தால்தான் திரையில் வெடுக் வெடுக்கென்று வரும். டப்பிங்கில் அலறல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலிலேயே கத்திவிட்டால் மற்ற வசனத்துக்குத் தொண்டை இருக்காது.

அதே 'ரிங்கு' படத்தில் முடிக்கு நடுவே தெரியும் அந்தக் கண்ணின் க்ளோசப் ரியே இனோவுடையது இல்லை. படக்குழுவில் இருந்த ஒரு ஆணுடையது. ஒரு பேயை இரண்டு மூன்று பேர் உடம்பிலிருந்து சேர்த்துச் செய்வது இந்த வகைப் படங்களில் சகஜம். என் பெரிய வருத்தமும் அப்படி ஒரு படத்தில்தான் நேர்ந்தது.

2015இல் வந்த படம் அது. பேய் கதாநாயகிதான். பிளாஷ்பேக்கில் அவர் பாடுவார், சிரிப்பார், சாவார். செத்த பிறகு வருவதெல்லாம் நான். பதினான்கு இரவுகள். முகம் தெரியும் ஷாட்டுக்கு மட்டும் அவர் வந்துபோனார். "உங்க பேர் கடைசியில ஓடும்க்கா" என்றார் உதவி இயக்குநர் தம்பி. வெளியான அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள், பெருக்குகிறவர் என் வரிசைவரை வந்துவிட்டார். சமையல் குழுவின் பெயர்கள் வந்தன, ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவரின் பெயர் வந்தது. வரவேண்டியவைதான், ராத்திரியெல்லாம் எங்களோடு விழித்திருந்தவர்கள் அவர்கள். என் பெயர் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கறிஞர் அம்மா இருந்தார். அவரிடம் அழுதபோது பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவின்படி, இதை நடித்தது நான்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை நடித்தவருக்கு இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. "இருங்க, இதையும் படிங்க" என்று இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். நிகழ்த்துநர் என்பவர் யார் என்ற விளக்கம். சினிமாவில் போகிற போக்கில் சின்னதாக வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் பெயர் போடப்படாதவர் என்றால், அவர் நிகழ்த்துநர் கணக்கிலேயே வரமாட்டார். தன் நடிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை ஒன்று மட்டும் அவருக்கு மிஞ்சும். பதினான்கு இரவு வேலை போகிற போக்கில் செய்ததாகாது. ஆனால் அந்தப் பதினான்கு இரவுக்கு என் கையில் ஒரு காகிதம் இருந்ததா? கோஆர்டினேட்டரின் போன் அழைப்புகள் மட்டுமே இருந்தன.

ஆஸ்கர் வாங்கிய மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜுக்கே இது நடந்தது. 1973இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் அந்தச் சிறுமிக்குள்ளிருந்து பேசும் சாத்தானின் குரல் அவருடையது. முதலில் வந்த பிரதிகளில் அவர் பெயர் இல்லை. வெளிப்படையாகச் சண்டை போட்டுப் பெயரைச் சேர்க்கவைத்தார். அவருக்குப் பின்னால் பெயரும் சங்கமும் இருந்தன. நம்மைப் போன்றவர்களுக்கு ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. பக்கம் பக்கமாக வேண்டாம். "டைட்டிலில் என் பெயர் இந்த எழுத்தில், இந்தப் பாத்திரத்துக்கு எதிரே வர வேண்டும்" என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் அனுப்பி, மேனேஜர் "ஓகே" என்று பதில் போட்டாலும் ஏதோ ஒரு சாட்சி. கால்ஷீட் செய்திகளை அழிக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணிக்கணக்கு முதல் ஷாட்டிலிருந்து ஓடுமா, மேக்கப் தொடங்கியதிலிருந்து ஓடுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பேய் வேஷத்தில் அந்த வித்தியாசம் மூன்று நான்கு மணி நேரம். பேட்டாவும் வண்டியும் சம்பளத்துக்குள்ளா வெளியிலா என்பதையும் கேளுங்கள். என் சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்த பணம் உங்கள் பெயரில் கட்டப்பட்டதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், கணக்கு தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரிக்கு மேல் பிடித்தது திரும்பி வரும். எனக்கு இரண்டு வருடப் பணம் மொத்தமாக வந்து வீட்டு அட்வான்ஸுக்கு உதவியது.

இறந்தவளாக நடிப்பதில் அம்மாவுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. நான் வேலை செய்த செட்களில், பிணமாகப் படுத்தவரைக் கடைசியில் எழுப்பிச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள், கற்பூரம் சுற்றுவார்கள். அம்மாவுக்காகவே அதைக் கேட்டு வாங்குவேன். மாலை போட்ட என் போட்டோ ஒன்றை ஒரு படத்துக்கு எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து நான் நடிக்காத வேறு படத்தில், யாரோ ஒருவரின் செத்துப்போன மனைவியாகச் சுவரில் அது தொங்கியது. அம்மா டிவியில் அதைப் பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தார். அன்றிலிருந்து போட்டோவைத் திருப்பித் தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

2018க்குப் பிறகு அழைப்பு குறைந்தது. என் தவறு ஒன்றும் அதில் உண்டு. கோஆர்டினேட்டர்களிடம் இருந்த என் படங்கள் எல்லாமே மேக்கப்போடு இருந்தவை. அம்மாவாக, டீச்சராக, நர்ஸாக என்னை யோசிக்க அவர்களிடம் என் முகமே இல்லை. முதல் வருடத்திலிருந்தே வெறும் முகத்தோடு எடுத்த படங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பியிருக்க வேண்டும். இன்னொன்று: தமிழ்ப் பேய்ப் படங்களில் பேய்க்குப் பெரும்பாலும் ஒரு பிளாஷ்பேக் இருக்கும், அநியாயமாகச் செத்த கதை. அதில் உயிரோடு, சொந்த முகத்தோடு ஒரே ஒரு காட்சி கேளுங்கள். தண்ணீர்க் குடம் தூக்கி வரும் காட்சியானாலும் சரி. ஒரு படத்தில் எனக்கு அப்படி நாற்பது விநாடி கிடைத்தது. அதை வைத்துத்தான் பிறகு சீரியலில் அண்ணி வேஷம் கிடைத்தது.

போன மாதம் ஒரு வெப் சீரிஸ், மறுபடியும் பேய். விடியற்காலை ஐந்து மணிக்குக் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. கண்ணுக்கு சிஜி என்று முன்பே பேசியாகிவிட்டது. ரோப் அண்ணன்களிடம் முஷ்டிச் சைகையைக் காட்டினேன். எல்லோரும் என்னைவிட இளையவர்கள், ஒருவர் அதைத் திருப்பிச் செய்து காட்டினார். இரண்டு பக்க ஒப்பந்தத்தில் சம்பளம், நாட்கள் எல்லாம் சரியாக இருந்தன, பெயர் விஷயம் மட்டும் இல்லை. "அதெல்லாம் போட்டுடுவோம்மா, முதல்ல உட்காருங்க, டைம் ஆயிடுச்சு" என்றார் மேனேஜர். நல்ல மனிதர். "ஒரு வரி எழுதிடுங்க சார், உட்கார்ந்துடறேன்" என்று நின்றுகொண்டேன். பேனாவைத் தேடி எடுத்து, கீழே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. சொன்னேன், திருத்தினார். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மேக்கப் அண்ணன் நாற்காலியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். உட்கார்ந்தேன்.